முப்பத்தெட்டு ஞாயிறு

சுகிர்தாவின் புருஷன் எபினேசருக்குப் பொய் பேசவே வராது என்று கும்மிடிப்பூண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுகிர்தாவும் இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பி உருட்டும் இரும்புக் கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன். குடி இல்லை, சீட்டு இல்லை, வாயில் கெட்ட வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் சபையில் மைக், ஸ்பீக்கர், மிக்சர் எல்லாம் அவர் பொறுப்பு. ஆலயத்தின் கடைசியில், வாசலை ஒட்டி, ஒரு பழைய பியானோவின் தலைமேல் மிக்சரை வைத்து, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் சத்தத்தையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். பியானோ அந்த வேலைக்கு வாகான உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான். உள்ளே எலி குடிவந்து வெகு காலம் ஆயிற்று.

அந்தப் பியானோவில்தான் சுகிர்தா வாசிக்கக் கற்றாள். கற்றாள் என்பது மரியாதைக்குச் சொல்வது; திருடினாள் என்பதுதான் சரி. அவள் அம்மா எளாவூர் பக்கம் நடவு, களை என்று கூலிக்குப் போனவள். சனிக்கிழமைகளில் ஆலயத்தையும் பாஸ்டர் வீட்டையும் கூட்டித் துடைப்பாள். மகளும் கூட வருவாள். அப்போதிருந்த பாஸ்டரின் மகள் கிரேஸுக்குச் சுகிர்தாவின் வயதுதான். மெட்ராஸிலிருந்து ஒரு டீச்சர் ரயிலேறி வந்து கிரேஸுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். கிரேஸுக்கோ அது வேப்பங்காய். புத்தகத்தில் பக்கம் திருப்பிவிட ஆள் வேண்டும் என்று சுகிர்தாவைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நின்றவள் பக்கத்தை மட்டுமா பார்த்தாள்? டீச்சரின் விரல் போன இடமெல்லாம் அவள் கண்ணும் போயிற்று.

கொஞ்ச நாளில் ஒரு கூத்து ஆரம்பமாயிற்று. டீச்சர் கொடுத்துவிட்டுப் போகிற பாடத்தை வாரம் முழுக்கப் பழக வேண்டியவள் கிரேஸ். கிரேஸ் பின்பக்கம் நொண்டி ஆடப் போய்விடுவாள். சுகிர்தா உட்கார்ந்து வாசிப்பாள். ஆலயத்தை ஒட்டிய வீட்டின் அடுப்படியில் நிற்கும் பாஸ்டரம்மா, தன் மகள்தான் வாசிக்கிறாள் என்று பூரித்துப்போய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சுகிர்தாவுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. யார் பேரில் கேட்டால் என்ன, நாலு பேருக்குக் கேட்கிறது அல்லவா, அது போதும் என்றிருந்தாள். பிறகு கிரேஸ் காலேஜுக்குப் போனதும் குட்டு வெளிப்பட்டு, ஒரு வருஷம் ஞாயிறு ஆராதனைக்கே சுகிர்தா வாசித்தாள். பாவாடை தாவணியில், கூலிக்காரியின் மகள், மொத்த சபையையும் தன் பத்து விரலால் பாடவைத்தாள்.

மெட்ராஸ் டீச்சர் கிரேஸிடம் தலையில் குட்டாத குறையாகச் சொன்ன ஒன்றைச் சுகிர்தா மனதில் எழுதிவைத்திருந்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் ஜனங்கள் மூச்சு வாங்குவார்கள். அதுவரைக்கும் நீ கையை எடுக்காமல் நில், அவர்கள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போ. சுகிர்தா அப்படியே செய்தாள். வரிக்கு வரி நிற்பாள். ஆலயம் முழுக்க ஒரே மூச்சாக இழுப்பது அவள் முதுகுக்குப் பின்னால் கேட்கும். அந்த ஒரு நொடிக்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

அப்புறம் அந்தப் பாஸ்டர் மாற்றலாகிப் போனார். கிரேஸ் மட்டும் பிற்பாடு இதே ஊருக்கு வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தாள். வந்தவர் பியானோவைப் பூட்டிவிட்டார். சுகிர்தாவுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஜெனிபர் பிறந்தாள், சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. பெல்ட்டில் வருகிற மூடிகளை எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைத் தடவி, பிசிறு இருப்பதைத் தூக்கி எறிய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டே தப்பைக் கண்டுபிடிப்பாள். இருபது வருஷத்தில் விரலெல்லாம் காய்த்துப்போயிற்று. பியானோ என்ற சொல்லையே அவள் வாயால் சொல்வதில்லை.

மறுபடியும் அவளை அதில் இழுத்துவிட்டது வேறு யாருமல்ல, எபினேசர்தான். போன கிறிஸ்துமஸுக்கு, வெளிநாட்டில் இருக்கும் சபைக்காரர் ஒருவர் கரண்டில் ஓடும் பியானோ ஒன்றை அனுப்பிவைத்தார். பழைய பியானோவில் இருக்கிற அத்தனை கட்டையும் அதில் இருந்தது. சபையில் கீபோர்டு வாசிக்கிற ஜெபா என்ற பையன், ரசாயனக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், தனக்குத் தன் கீபோர்டே போதும் என்று சொல்லிவிட்டான். எபினேசர் நேராக வீட்டுக்கு வந்து, நீ வாசி என்றார். விரல் வளையாது என்றாள். வளைய வை என்றார். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் ஆலயத்தின் சாவி என்னிடம்தானே இருக்கிறது, புதனும் சனியும் போய்ப் பழகு என்றார். அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அவள் அன்றைக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

விரல் முதலில் சண்டித்தனம் பண்ணிற்று. சுண்டுவிரல் இழுத்துக்கொண்டது. விடவில்லை அவள். ஆலயத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு வரியை நாற்பது தடவை வாசித்தாள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருபத்து மூன்று வருஷம் கழித்து, சபைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வாசிப்பவருக்குத் தன் சத்தம் கேட்பதற்கென்று காலடியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கரை எபினேசரே தூக்கிவந்து வைத்தார். அன்றைக்குப் பாட்டில் என்னவோ இடித்தது. ஜனங்கள் தடுமாறியதுபோல் அவளுக்குப் பட்டது. ஆராதனை முடிந்து வண்டியில் ஏறும்போது எப்படி இருந்தது என்று கேட்டாள். நல்லா இருந்துச்சு என்றார் எபினேசர். அடுத்த வாரம் ஒரு தடுமாற்றமும் இல்லை. அன்றைக்கும் கேட்டாள். நல்லா இருந்துச்சு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை உதைத்துக் கிளப்புவதற்கு முன்னால் அவள் கேட்பதும் அவர் சொல்வதும் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஈஸ்டருக்காக அவள் ஒரு மாதம் பழகினாள். கடினமான பாட்டு. ஒரு விரல் பிசகாமல் வாசித்து முடித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் முதுகில் சாய்ந்து சந்தோஷத்தில் அழுதாள். எபினேசர் ஒன்றும் பேசாமல் வண்டியை ஓட்டினார். தன் அழுகையைக் கேட்டு மனுஷனுக்கும் மனம் இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜெனிபர் போன் பண்ணினாள். திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிறு டியூட்டி விழுந்தால் ஆராதனையை போனில் லைவாகப் பார்ப்பாள். பண்டிகைக்கு என்ன பாட்டு வாசிக்கப்போகிறேன் என்று சுகிர்தா ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மகள் இடையில் புகுந்தாள்.

"யம்மா, நீ வாசிக்கிறது ஒரு நாள்கூட லைவுல கேட்டதே இல்லம்மா. ஜெபா அண்ணன் கீபோர்டுதான் கேக்குது. நீ சும்மா உக்காந்துக்கினு இருக்கியோன்னுகூட நெனச்சேன்."

சுகிர்தா அதை எபினேசரிடம் சொன்னாள். லைவுக்கு வேறு வயர் போகிறது, அதில் ஏதோ கோளாறு, பார்க்கிறேன் என்றார். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். இவளுக்கோ சந்தேகம் ஜெபாமேல் போயிற்று. சின்னப் பையன், தன் சத்தம் மட்டும் ஊருக்குக் கேட்க வேண்டும் என்று ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று நினைத்தாள். கையும் களவுமாகப் பிடித்து, புருஷன் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கறுவிக்கொண்டாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆலயத்துக்குப் போனபோது ஜெபா மட்டும் இருந்தான். மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. எபினேசர் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போயிருந்தார். சுகிர்தா தன் பியானோவைக் காட்டி, உட்கார்ந்து ஏதாவது வாசி, ஜனங்கள் இடத்திலிருந்து எப்படிக் கேட்கிறதென்று நான் பின்னால் போய்ப் பார்க்கிறேன் என்றாள். அவன் முகம் வெளுத்தது. வேணாங்க்கா, அண்ணன் வந்துடட்டும் என்றான். பிடித்தோம் திருடனை என்று இவளுக்குள் குதூகலம். உட்காருடா என்று அதட்டிவிட்டுப் பின்னால் நடந்தாள்.

ஜெபா வாசித்தான். அவன் விரல்கள் ஓடுவது தெரிந்தது. சுவரில் மாட்டிய பெரிய ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாக இருந்தன. அவன் காலடியிலிருந்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து மட்டும் அடுத்த வீட்டு ரேடியோபோல் ஏதோ லேசாக வந்தது. சுகிர்தா திரும்பி, பழைய பியானோவின் மேல் மற்ற நாட்களில் துணி மூடிக் கிடக்கும் மிக்சரைப் பார்த்தாள். வரிசையாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் இழுப்பான்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருந்தது. பாஸ்டர், கிரேஸ், கொயர், ஜெபா. எல்லாம் பாதிக்கு மேலே நின்றன. கடைசியில் 'சுகி'. அது அடிமட்டத்தில் கிடந்தது. அதன்மேல் குறுக்கே சிவப்பு இன்சுலேஷன் டேப்.

அந்தச் சிவப்பு டேப்பைப் பற்றி எபினேசரே அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கம்பெனியில் ஒரு கரண்டு லைனில் ஆள் வேலை செய்தால் சுவிட்சை இறக்கி, குறுக்கே சிவப்பு டேப் ஒட்டுவார்கள். ஒட்டியவன் தவிர வேறு எவனும் அதைத் தொடக்கூடாது. மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது. தொட்டால் உயிர் போகும். சுகிர்தா கட்டைவிரலால் டேப்பின் விளிம்பைத் தடவினாள். தூசி படிந்து, ஓரமெல்லாம் கறுத்து, மிக்சரோடு ஒட்டிப்போயிருந்தது. நேற்று ஒட்டியதல்ல. போன மாதம் ஒட்டியதும் அல்ல.

ஜெபா வந்து பக்கத்தில் நின்றான். எப்போதிலிருந்து என்று கேட்டாள். ரெண்டாவது வாரத்திலிருந்து என்றான். பிறகு அவள் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முதல் வாரம் அவள் வரிக்கு வரி நின்றாள். அவன் கீபோர்டில் தானாக ஓடுகிற தாளம் யாருக்காகவும் நிற்காது; அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஜனங்கள் முழிக்க, பாட்டு உடைந்துவிட்டது. இனிமேல் அந்த அம்மா வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். எபினேசர் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். யோசனை சொன்னது கிரேஸ். இப்போது அவள்தான் பாடகர் குழுவை நடத்துகிறாள். பாவம், ஆசைப்படுகிறாள், அவள் பாட்டுக்கு வாசித்துவிட்டுப் போகட்டும், சத்தத்தை மட்டும் குறைத்துவிடுங்கள் என்றாளாம்.

"சபையில எல்லாருக்கும் தெரியுமாடா?"

ஜெபா குனிந்து தரையில் கிடந்த வயரைச் சுருட்டினான். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

"ஒரே ஒரு நிறுத்தம்டா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த வாரமே திருத்திக்கினு இருப்பேனேடா," என்றாள். கம்பெனியில் ஒரு மூடியில் பிசிறு இருந்தால் எடுத்துக் காட்டுகிறார்கள். இத்தனை பேரில் ஒருத்தருக்கும் அவள் பிசிறைக் காட்ட மனம் வரவில்லை. முப்பத்தெட்டு ஞாயிறு. எத்தனை பேர் கை கொடுத்தார்கள், எத்தனை பேர் சூப்பர் சிஸ்டர் என்றார்கள். அத்தனையும் காதில் சுற்றிய பூ. சின்ன வயதில் அவள் வாசித்ததைக் கிரேஸ் வாசித்தாள் என்று ஊரை நம்பவைத்தார்கள்; இப்போது யாருக்கும் கேட்காததை எல்லாருக்கும் கேட்டது என்று அவளையே நம்பவைத்துவிட்டார்கள். அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது. கிரேஸை விடு, பாஸ்டரை விடு. அந்த டேப்பை ஒட்டிய கை யாருடைய கை?

சாயங்காலம் எபினேசர் வந்து, முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார். சுகிர்தா அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். அவள் அளவுக்கு வேறு எவளும் கொடுத்திருக்க மாட்டாள். குழம்பை ஊற்றிவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"நாளைக்கு நான் வாசிக்கிறது ஜனங்களுக்குக் கேக்கும் இல்ல?"

"ஏன் கேக்காது? வாரா வாரம் கேக்கிற மாரிதான்," என்றார் எபினேசர். கண்கூட சிமிட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். பொய் பேச வராத மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. பூசணி, வாழைத்தார், கட்டுக்கட்டாகக் கீரை, காலைக் கட்டிய சேவல் என்று பீடத்துக்கு முன்னால் காணிக்கை குவிந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். முதல் பாட்டு ஆரம்பமாயிற்று. சுகிர்தா பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. நான்கு சரணமும் ஓடி முடிந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் தடுமாறவில்லை. கிரேஸ் கண்ணை மூடிப் பாடினாள். பின்னால் எபினேசர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பாஸ்டர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லி, சிஸ்டர் சுகிர்தா நமக்காக இசைப்பார்கள் என்றும் சொன்னார். வெட்கமில்லாமல் சொன்னார். சுகிர்தா எழுந்தாள். நடுப்பாதையில் இறங்கி நடந்தாள். பாத்ரூம் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். நேராகக் கடைசிக்குப் போய் எபினேசர் முன்னால் நின்றாள். எந்திரிங்க என்றாள். அவர் சிவப்பு டேப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

"சுகி, ஊட்ல போய் பேசிக்கலாம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இத்தினி நாளா பாத்துக்கினுதானே இருந்தாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொங்கிய வயர்களைக் கையால் ஒதுக்கிவிட்டு, மிக்சருக்குக் கீழே இருந்த பழைய பியானோவின் மூடியைத் திறந்தாள். பூட்டு எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. கட்டைகள் பழுத்த பல்லாக மஞ்சளடித்துக் கிடந்தன. கை வைத்தாள். சுருதி ஒரே பேஜாரு. நடுவில் இரண்டு கட்டை ஊமை. ஆனால் மிச்சம் இருந்ததெல்லாம் கரண்டு இல்லாமல், வயர் இல்லாமல், எவன் தயவும் இல்லாமல் கத்தியது. அதை இறக்க மிக்சரில் இழுப்பான் கிடையாது. மொத்த சபையும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது.

ஜெபா தன் தாளத்தைத் தட்டிவிடப் போனவன் கையை எடுத்துக்கொண்டான். அது ஒன்றை மட்டும் பிற்பாடு சுகிர்தா நன்றியோடு நினைத்துக்கொண்டாள். முதல் வரி முடிந்தது. அவள் நின்றாள். இளவட்டங்கள் அடுத்த வரிக்கு முன்னால் ஓடிவிட்டு, பியானோ கூட வராமல் திகைத்தார்கள். இரண்டாம் வரியிலும் அப்படியே. அவள் விடவில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். மூன்றாம் சரணத்தில், வரி முடிந்து அவள் நின்றபோது, ஆலயம் முழுக்க ஒன்றாக மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. இருபத்து மூன்று வருஷமாக அவள் கேட்காத சத்தம். கண்ணீர் கொட்டிற்று. துடைக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்து, மூடியைச் சாத்திவிட்டு, வெளியே வந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் கிரேஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னமா வாசிச்ச சுகி, எனக்குப் புல்லரிச்சிடுச்சு என்றாள். பாஸ்டர் கை கொடுத்து, அற்புதம் சிஸ்டர் என்றார். வரிசையாக வந்தார்கள். சூப்பர் என்றார்கள். போன ஈஸ்டருக்கும் இதே ஆட்கள், இதே வார்த்தை, இதே சிரிப்பு. சுகிர்தா எல்லாருக்கும் கையைக் கொடுத்தாள்.

உள்ளே பூசணிக்காய் ஏலம் போய்க்கொண்டிருந்தது. எபினேசர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. கிளப்பக் காலைத் தூக்கியவர் மறுபடி கீழே வைத்தார். வழக்கமாக அவள் கேட்கிற நேரம் அது. அவள் கேட்கவில்லை.

"சத்தியமா சொல்றேன் சுகி," என்றார். "இன்னிக்கு நல்லா இருந்துச்சு."

சுகிர்தா அவர் முகத்தையே பார்த்தாள். அதே கண். அதே குரல். பெல்ட்டில் ஓடுகிற மூடியில் மயிரிழைப் பிசிறைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிறவள் அவள். போன வாரத்து நல்லா இருந்துச்சுக்கும் இன்றைக்கு நல்லா இருந்துச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று தடவித் தடவிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் படவில்லை. மெய்யாகவே நன்றாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நன்றாக இருந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் அவளுக்கு ஒரு ஆள் கிடையாது.

அவள் பின் சீட்டில் ஏறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திருவள்ளூர் பஸ் நிற்கிற பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிற ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டினாள்.